கல்லை மறைத்து நின்ற வண்டி

காலை 5.10. கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்துப் பெட்ரோல் பங்கில் என் வண்டிக்கு முந்நூறு ரூபாய்க்கும், ஸ்டெல்லாவின் ஸ்கூட்டருக்கு இருநூறு ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மார்கழி, ஞாயிற்றுக்கிழமை. சிப்காட் பக்கம் எது பனி, எது உருக்காலைப் புகை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். பங்கில் அது இரண்டு காட்டியது.

ஸ்டெல்லா என் சிநேகிதன் டேவிட்டின் மனைவி. பேக்கிங் கம்பெனியில் வேலை. டேவிட்டும் நானும் ஒரே இரும்பு மில்லில் பதினோரு வருஷம். நான் கிரேன் ஓட்டுகிறேன், அவன் கீழே நின்று கை காட்டுவான். அவன் இறந்து வருஷம் திரும்ப இன்னும் பத்து நாள் இருந்தது. போன வாரம் வீட்டுக்கு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"வருசம் திரும்பறதுக்குள்ள அவரு உழுந்த எடத்த ஒருக்கா பார்க்கணும்ணா. நீங்க கூட வாங்க. நீங்கதான ரோடு தெரிஞ்சவரு."

சரி என்று சொல்லிவிட்டேன்.

ரோடு தெரிஞ்சவன் என்ற பட்டம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மில்லில் வண்டிப் பைத்தியங்கள் பதினாலு பேர் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். பெயரே 'எந்த ரோடு?'தான். லீவு நாளில் யார் எங்கே வண்டியில் போனாலும் ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். படத்தில் ஆள் இருக்கக் கூடாது, ஊர்ப் பலகை இருக்கக் கூடாது. வண்டியும் சாலையும் மட்டும்தான். மற்றவர்கள் அது எந்தச் சாலை என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவனுக்குப் படம் போட்டவன் கட்டைவிரல் காட்டுவான், மறுநாள் கேன்டீனில் டீ வாங்கித் தருவான். பெரும்பாலும் அந்த டீ எனக்குத்தான் வரும். கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையென்றால் மாநிலச் சாலை. வளைவுச் சுவரின் கறுப்பு வெள்ளைப் பட்டை, மரத்தில் போட்ட எண், மண்ணின் நிறம் எல்லாம் பார்ப்பேன். இரண்டு நிமிஷம் போதும், பெயரைச் சொல்லிவிடுவேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு காலை 8.12க்கு டேவிட் ஒரு படம் போட்டான். இரண்டு பாறைக்குன்றுகளுக்கு நடுவே ஏறி வளைகிற சாலை. பனி. ஒற்றைப் பனைமரம். ஓரத்தில் அவன் வண்டி. 8.14க்கு நான் எழுதினேன்: 'ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் போற ரோடு.' 8.15க்கு அவன் கட்டைவிரல் வந்தது. அதுதான் அவனிடமிருந்து வந்த கடைசிச் சேதி. மத்தியானம் அவன் வீடு திரும்பவில்லை, போன் அணைந்து கிடந்தது. நாங்கள் எட்டுப் பேர் வேன் பிடித்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனோம். போலீசிலும் நான்தான் எழுதிக் கொடுத்தேன், ஜவ்வாது மலை என்று. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் அங்கே ஒவ்வொரு வளைவாக இறங்கிப் பார்த்தோம். அவன் வண்டியோடு விழுந்து கிடந்தது ஆர்.கே.பேட்டை பக்கம். நம்ம திருவள்ளூர் ஜில்லா. ஆடு மேய்க்கிற ஓர் அம்மா பார்த்துச் சொல்லியிருக்கிறார். கீழே விழுந்ததும் உயிர் போகவில்லை, பல மணி நேரம் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் என் காதுபடச் சொன்னார்கள்.

திருத்தணி ஆஸ்பத்திரி வரைக்கும் போன நான், அந்த இடத்துக்கு மட்டும் போகவே இல்லை. ஸ்டெல்லாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. "ஜவ்வாதுன்னு குரூப்ல யாரோ சொன்னாங்க" என்று மற்றவர்கள் மழுப்பிவிட்டார்கள், நானும் அதில் ஒளிந்துகொண்டேன். இந்தப் பயணத்திலாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

5.40. புதுவாயல் கூட்டுரோடு, 14 கிலோமீட்டர். இங்கே பெரிய ரோட்டை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லாவைக் காணோம். டீக்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"திருத்தணி போவ இப்டித்தான போவணும்?"

"நேரா போம்மா. ஆரணி, பெரியபாளையம் தாண்டி திருவள்ளூரு போயிடு. அங்கிருந்து ஒரே ரோடு."

எனக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியாதா ஸ்டெல்லா? நான்தான் முன்னாடி போறேன்ல?"

"கேட்டா இன்னாண்ணா தப்பு? வாயி இருக்குது, கேட்டேன்."

வழி கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ரகம் நான். டீ பன்னிரண்டு ரூபாய். அவளே வாங்கிக் கொடுத்தாள்.

6.05. ஆரணி, பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, எங்கள் ஜில்லாவின் சின்ன ஆரணி. ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது இடது பக்கம் பார்த்தேன், பிரேக்கைப் பிடித்துவிட்டேன். பனிக்குள் ஆற்றங்கரைச் சாலை, மூன்று மருத மரம், கரையோரம் ஒரு படித்துறை. இந்தப் படம் என்னிடம் இருக்கிறது! போனை எடுத்துத் தேடினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டேவிட் போட்டது. மூன்றாவது மரத்தின் ஒடிந்த கிளைகூட அப்படியே இருந்தது. படத்துக்குக் கீழே என் பதில்: 'தாமிரபரணிக் கரை, திருநெல்வேலி பக்கம்.' அதற்குக் கீழே அவன் கட்டைவிரல். அந்த டீயை நான் குடித்திருக்கிறேன்.

ஸ்டெல்லா பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு நின்றீர்கள் என்று கேட்கவில்லை.

பெரியபாளையத்தில் அம்மன் கோயில் ஆடிக் கூட்டம் இல்லாததால் தெரு காலியாகக் கிடந்தது. திருவள்ளூர் வந்தபோது மணி 6.50, மீட்டர் 54. நாஷ்டாவுக்கு நின்றோம். நாலு இட்லியும் வடையும் நாற்பத்தைந்து ரூபாய். ஸ்டெல்லா இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. சொல்ல இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"பாப்பா எப்படிப் படிக்குது?" என்றுதான் வந்தது.

"படிக்குது. அக்கா ஊட்ல உட்டுட்டு வந்தேன். ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்டுண்ணா. அதுக்குள்ள திரும்பிடணும்."

"நூத்தி இருபது கிலோமீட்டரும்மா. லீவு சொல்லியிருக்கலாமே."

"இல்ல. ரெண்டு மணிக்குள்ள வரணும்" என்று மறுபடியும் சொன்னாள். கை கழுவப் போய்விட்டாள். இதென்ன பிடிவாதம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

7.25. திருவாலங்காடு பிரிவு ரோட்டைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. பூ விட்ட கரும்பு, வெள்ளை வெள்ளையாக. மறுபடியும் நின்றேன். இந்தக் கரும்புக்குத் தேனி மாவட்டம் என்று பெயர் வைத்தவன் நான். தூரத்தில் தெரிந்த திருத்தணிக் குன்றை மேற்குத் தொடர்ச்சி மலை என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்! அதற்கும் கட்டைவிரல், அதற்கும் டீ.

திருத்தணியில் ரயில்வே கேட் பக்கம் ஸ்டெல்லா மறுபடியும் வழி கேட்டாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

8.05. ஆர்.கே.பேட்டை போகும் சாலையில் மாந்தோப்புகள் ஆரம்பித்தன. மீட்டர் 101ல் ஒரு ஏரிக்கரை வளைவு. தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது, கரை நெடுகப் பனை. இதை நான் ஏலகிரி என்றேன். பழவேற்காடு போகிற வழியில் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற சாலையைத் தனுஷ்கோடி என்று சொன்னதும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அந்தச் சாலை என் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை.

டேவிட் ஒரு பொய்யும் சொன்னதில்லை. போன ஊரை அவன் வாயால் சொன்னதே கிடையாது. பெயர் வைத்ததெல்லாம் நான். பெரிய பெரிய பெயர். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்கு ஸ்டெல்லாவுக்கு இரண்டு மணி ஷிப்டு. அவள் வேலைக்குப் போகிறதற்குள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அரை நாளுக்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் அவன் உலகம். மில்லில் மற்றவர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று படம் போடும்போது, அவன் ஆரணி ஆற்றைப் போட்டான். அது தாமிரபரணி என்று நான் சொன்னதும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பான். மறுநாள் கேன்டீனில் "இன்னாடா டேவிட்டு, திருநெல்வேலி வரைக்குமா போய்ட்டு வந்தே" என்று எல்லாரும் கேட்டபோது அவன் சிரித்தது ஞாபகம் வருகிறது. ஒரு டீக்கு அவன் திருநெல்வேலி போய்விட்டு வந்தான். அதில் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கரையில் நின்று அழுதேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நான் நெய்க்கு ஜவ்வாது மலை வரைக்கும் ஏழு பேரை இழுத்துக்கொண்டு போனவன்.

ஒன்றை இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்பும்போது ஸ்டெல்லா ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவரு அவ்ளோ தூரம் போவ மாட்டாரு. ரெண்டு மணிக்குள்ள ஊட்டுக்கு வர்ற தூரத்துலதான் எங்கியோ இருப்பாரு" என்றாள். நான் சொன்னேன், "நீ சும்மா இரும்மா. ரோடு பத்தி உனக்கு இன்னா தெரியும்? போட்டோல தெளிவா கீது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அழுகையில் அவள் அதை மறந்திருப்பாள் என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

8.30. ஆர்.கே.பேட்டை, 112 கிலோமீட்டர். தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஊரைத் தாண்டிப் பள்ளிப்பட்டு சாலையில் போனால், சாயம் போட்ட நூலைக் கொடி கட்டி ரோட்டோரம் காயப்போட்டிருந்தார்கள். சிவப்பு நூல். வண்டியை நிறுத்திவிட்டேன். டேவிட்டின் கடைசிப் படத்தில் வலது ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று தெரியும். அதை நான் மலைக்கோயில் திருவிழாத் துணி என்று முடிவு கட்டியிருந்தேன். ஜவ்வாது மலையில் யார் நூல் காயப்போடுகிறார்கள்? திருவள்ளூர் ஜில்லாக்காரன் எவனிடம் காட்டியிருந்தாலும் தறிக்கார ஊர் என்று சொல்லியிருப்பான். நானும் திருவள்ளூர் ஜில்லாக்காரன்தான்.

8.45. மீட்டர் 118. இரண்டு குன்று, நடுவில் ஏறி வளைகிற ரோடு, ஒற்றைப் பனை. போனை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அழகான இடம். அவன் நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சக்கரத்துக்குப் பின்னால் கிலோமீட்டர் கல். பள்ளிப்பட்டு 13. அவன் படங்கள் எல்லாவற்றிலும் வண்டி ஏன் ஓரத்தை ஒட்டியே நிற்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் கல்லை மறைத்து நிறுத்தியிருக்கிறான்.

படம் எடுத்த இடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு சின்னப் பாலம். வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. பாலத்துக்குக் கீழே முள்ளும் கோரையும் ஆள் உயரத்துக்கு. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டெல்லா பையிலிருந்து மெழுகுவத்தி எடுத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏற்றினாள். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை நான் கையை அணைவாகப் பிடித்தேன்.

பத்துப் பதினைந்து ஆடுகளோடு ஓர் அம்மா வந்தார். மெழுகுவத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வண்டிலேந்து உழுந்தாரே, அவரு ஜனங்களா?"

"என் ஊட்டுக்காரரு" என்றாள் ஸ்டெல்லா.

அந்த அம்மா கோலைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் கண்ணு பார்த்தவ. திங்கக்கெழம ஆடு கீழ எறங்கிச்சு, அது பின்னால போனேன்…" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம சாயந்தரமே இந்தப் பாலத்தாண்ட ஒரு ஹெல்மெட்டு கெடந்துச்சு நைனா. எவனோ உட்டுட்டுப் பூட்டான்னு எடுத்தும்போயி ஊட்ல மாட்டிட்டேன். கீழ எட்டிப் பார்க்கணும்னு தோணல பாரு, பாவி நான். யாரும் தேடிக்கினும் வரல. தோ, அந்தக் கிராமத்துல ஒருத்தரு வந்து இப்டி ஒரு ஆளக் காணோம்னு கேட்டிருந்தா, ஹெல்மெட்ட எடுத்துக் குடுத்து எடத்தக் காட்டியிருப்பேனே. கேக்க ஒரு ஆளு வரலையே நைனா."

பாலத்தோரம் கிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா என்ன நினைத்தாரோ, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு ஆடுகள் வரப்பில் இறங்கிவிட்டன என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

சொல்லிவிட்டேன். கோவையாக வரவில்லை. "நான்தான் ஸ்டெல்லா. ஜவ்வாதுன்னு சொன்னது நான்தான். போலீஸ்ல எழுதிக் குடுத்ததும் நான்தான். உன்னை… அன்னிக்கி நீ வேன்கிட்ட…"

"கதவ சாத்திட்டீங்க" என்றாள்.

கத்தவில்லை. அழவும் இல்லை. மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் கீதுண்ணா. ஒரு வருசமா தெனம் அதத்தான் நெனச்சிகினு கெடக்குறேன். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணுமா, வேன் முன்னாடி படுத்துக்கினு இருக்கணுமான்னு. எம்மேலயும் தப்பு இருக்குமோன்னு. அதான் உங்களக் கூட்டினு வந்தேன். வழியெல்லாம் நின்னு நின்னு பார்த்தீங்களே, நான் எதுனா கேட்டேனா? உங்க கண்ணால நீங்களே பார்க்கட்டும்னுதான்."

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ சொன்னது சரி. நான்தான் கேக்கல."

"இத நீங்க சொல்லணும்ணா. வேற யாரு சொன்னாலும் என் மனசு கேக்காது" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது?

9.50. கிளம்பும்போது ஸ்டெல்லா தன் போனை எடுத்தாள். "ஒரு போட்டோ எடுக்கணும். குரூப்ல போடுங்க."

அவன் போனதிலிருந்து அந்தக் குரூப்பில் ஒருவரும் படம் போட்டதில்லை. கலைக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை. நான் பழக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கல்லை ஒட்டி நிறுத்தினேன்.

"வண்டிய அப்பால நிறுத்துங்கண்ணா. கல்லு தெரியட்டும்."

தள்ளி நிறுத்தினேன். எடுத்தாள். அதை எனக்கு அனுப்பினாள், நான் குரூப்பில் போட்டேன். எந்த ரோடு என்று கேட்கவில்லை. கீழே எழுதினேன்: 'ஆர்.கே.பேட்டை – பள்ளிப்பட்டு சாலை, திருவள்ளூர் மாவட்டம். டேவிட்டின் கடைசிப் படம் எடுத்த இடம். ஜவ்வாது மலை இல்லை. நான் சொன்னது தப்பு.'

திரும்பும் வழியில் ஸ்டெல்லா முன்னால் போனாள், நான் பின்னால். கரும்பு, ஏரி, ஆரணிப் பாலம் எல்லாம் மறுபடியும் வந்தன. எதிலும் நான் நிற்கவில்லை. ஊர்ப்பெயர்ப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி என்று இதில் விடாமல் எழுதியிருப்பதும் அதனால்தான். படிப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி வந்தபோது புகைபோக்கிகளுக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மீட்டர் 236. நடுவில் ஒரு டீக்கு மட்டும்தான் நின்றோம். ஸ்டெல்லா தன் அக்கா வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்து இறக்கிவிட்டு, உள்ளே போய்க் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். "வரேண்ணா" என்றாள்.

மணியைப் பார்த்தேன். ஒன்று நாற்பது. இரண்டு மணி ஷிப்டுக்கு அவள் நேரத்துக்குப் போய்விட்டாள்.